அப்பா மேற்கே பார்த்தபடி

எங்கள் அண்ணை உலக முடிவை ரொறொன்ரோவில் இருந்தபடி கவனித்துக்கொள்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில், இங்கே எங்களுக்குப் பொழுதுபடுகிற நேரம், அங்கே அவர் விடிந்து கோப்பி குடித்து முடிக்கிற நேரம், வீடியோ கூட்டம் தொடங்கும். லண்டன், பாரிஸ், மெல்பேர்ண் என்று சிதறிப்போன சொந்தங்கள் எல்லாம் போன் திரையில் சின்னச் சின்னப் பெட்டிகளுக்குள் வந்து குந்தியிருக்கும். அண்ணை ஒரு படம் காட்டுவார். அதில் ஏழு தலை மிருகம் ஒன்று, அதன் கொம்புகள், எருசலேம், ஒரு கடிகாரம், எங்கு பார்த்தாலும் அம்புக்குறிகள். எந்த நாட்டில் பூமி நடுங்கினாலும், எங்கே வெட்டுக்கிளி இறங்கினாலும், எந்த இரண்டு தலைவர்கள் கை குலுக்கினாலும் அந்தப் படத்தில் ஒரு புது அம்புக்குறி முளைக்கும்.

நானும் அம்மாவும் அச்சுவேலிக்குப் போகிற வழியில், நீர்வேலி வாழைத்தோட்டங்களை ஒட்டிய எங்கள் வீட்டில் இருந்து அதைப் பார்ப்போம். பார்ப்போம் என்றால், அம்மா பார்ப்பா, நான் போனைப் பிடித்துக்கொண்டிருப்பேன். நான் பள்ளிக்கூடத்தில் புவியியல் படிப்பித்து ஓய்வுபெற்றவள். உலகத்தில் எது எங்கே இருக்கிறது என்று ஒரு ஆயுள் முழுக்கப் பிள்ளைகளுக்குச் சொன்னவளுக்கு, அது எப்போது முடியும் என்று இப்போது பாடம் நடக்கிறது. படிக்கத்தானே வேண்டும்.

அண்ணை ஒருமுறை வருசத்தையும் குறித்துவிட்டார். அந்த வருசம் வந்தது, தைப்பொங்கல் வந்தது, மாம்பழம் வந்தது, கிறிஸ்து பிறந்த நத்தார் வந்தது, ஆண்டவர் மட்டும் வரவில்லை. கணக்கில் ஒரு சின்னப் பிசகு, எபிரேயர்களுடைய நாட்காட்டி வேறு மாதிரி என்று அண்ணை சொன்னார். "அப்பாட்டைக் கணக்குப் படிச்ச பிள்ளை இப்பிடிக் கணக்கிலை பிழைவிடலாமோ?" என்று கேட்டேன். அதற்குப் பிறகு கொஞ்சக் காலம் அவர் என்னோடு கதைக்கவில்லை. அந்தக் காலத்தில்தான் தன் வீட்டுக்குப் புதுக்கூரையும் போட்டார். முப்பது வருசம் உத்தரவாதம் உள்ள கூரையாம், அம்மாவிடம் பெருமையாகச் சொன்னார்.

இன்னொரு நாள் எங்கள் பக்கத்துவீட்டு அக்காவின் மாடு கூட்டத்துக்குள் வந்துவிட்டது. பக்கத்துவீட்டு அக்கா சைவம், வாழைத்தோட்டம் அவவுடையது, வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நாங்கள் இருவரும் வயதுபோனவர்கள். போனை நான் சற்றுத் திருப்பியதில் அவவின் சிவப்பு நாகு திரையில் தெரிந்தது. அண்ணை பேச்சை நிறுத்திவிட்டார். எருசலேமில் கோவில் திரும்ப எழும்ப முதல் மறுவில்லாத ஒரு சிவப்புக் கிடாரி வேண்டும் என்பது அண்ணை மாதிரி ஆட்களுடைய நம்பிக்கை. அதிலே வேறு நிற மயிர் இருக்கிறதா என்று கிட்டப் போய்ப் பார்க்கச் சொன்னார். நான் வேலிக்கு மேலால் விசயத்தைச் சொன்னேன். "தாராளமாக் கொண்டுபோகச் சொல்லுங்கோ ரீச்சர்," என்றா அக்கா. "நாசமாப்போன மாடு, போன கிழமையும் வாழைக்குட்டி முழுக்கக் கடிச்சுப்போட்டுது."

இவ்வளவும் பகிடி. பகிடியாகவே முடிந்திருக்கும், அம்மா அந்த ஞாயிற்றுக்கிழமை வாய் திறக்காமல் இருந்திருந்தால்.

அன்றைக்குப் பாடம் உயிர்த்தெழுதல். ஆண்டவர் மின்னல் மாதிரிக் கிழக்கில் தோன்றுவார், எக்காளம் தொனிக்கும், மண்ணில் நித்திரையாய் இருக்கிறவர்கள் எழும்புவார்கள் என்று அண்ணை சொல்லிக்கொண்டு வந்தார். அதனால்தான் எங்கள் சேமக்காலையில் எல்லாரையும் தலை மேற்கே, கால் கிழக்கே வைத்து அடக்கம் செய்கிறோம், படுத்த ஆள் அப்படியே நிமிர்ந்தால் முகம் கிழக்கே, ஆண்டவருக்கு நேரே இருக்கும் என்றார். இது அண்ணையின் கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்காவில் இருந்து மிஷன்காரர் கப்பலில் வந்து கோயில் கட்டிய காலத்தில் இருந்து எங்கள் சபையின் வழக்கம்.

அம்மா போனுக்குக் கிட்டக் குனிந்தா. "கொப்பரை அப்பிடி வைக்கேல்லையே மோனை," என்றா, எங்கள் அப்பாவைச் சொல்லி.

"என்னம்மா?"

"கொப்பற்றை தலை வாழைப்பக்கம் எல்லே கிடந்தது. பெட்டியை மூட முதல் எனக்கு முகத்தைக் காட்டினவை. மதிலுக்கு மேலாலை ஒரு வாழைப்பொத்தி தொங்கிக்கொண்டு நிண்டது, சரியா நெத்திக்கு நேரை. அதைக் கையாலை விலத்திப்போட்டுத்தான் நான் கடைசியா முகத்தைப் பாத்தனான்."

லண்டன், பாரிஸ், மெல்பேர்ண் எல்லாம் திரைக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுவந்தன. பக்கத்துவீட்டு அக்காவின் வாழைத்தோட்டம் சேமக்காலைக்குக் கிழக்கே இருக்கிறது என்பது அந்தப் பெட்டிகளுக்குள் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். அப்பாவின் தலை கிழக்கே என்றால் கால் மேற்கே. எழும்பி நிமிர்ந்தால் ஆண்டவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருப்பார்.

எப்படி நடந்தது என்று பிறகு அம்மாவிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். எங்களுடைய ஆட்கள் பெட்டியை எப்போதும் கால் முன்னாகத்தான் தூக்கிக்கொண்டு போவது. சேமக்காலையின் பெரிய கேற் மேற்கே, றோட்டுப் பக்கம் இருக்கிறது. அதால் நுழைந்தால் கால் தானாகவே கிழக்கே இருக்கும், யாரும் யோசிக்கத் தேவையில்லை, அப்படியே இறக்கிவிடலாம். யோசிக்காமல் செய்கிற காரியங்களை எங்கள் சபை நூறு வருசத்துக்கு மேலாகப் பிழையில்லாமல் செய்து வந்திருக்கிறது. ஆனால் அப்பா போனது சண்டைக் காலத்தில். அன்றைக்கு றோட்டுப் பக்கம் செல் குண்டு விழுந்துகொண்டிருந்தது. ஆகவே பெட்டியை வாழைத்தோட்டத்துக்குள்ளால் கொண்டுவந்து, கிழக்கு மதிலில் இருந்த சின்னக் கேற்றால் நுழைத்திருக்கிறார்கள், அதே கால் முன்னாக. தூக்கி வந்தபடியே இறக்கினார்கள், போதகர் சுருக்கமாக ஜெபித்தார், எல்லாரும் குனிந்தபடி ஓடினார்கள். அண்ணை அதற்கு முதலே வெளிநாடு போய்விட்டார். நான் பாதை பூட்டிக் கொழும்பில் அகப்பட்டிருந்தேன். குடும்பத்தில் அங்கே நின்றது அம்மா ஒருத்திதான்.

சிலுவை நாங்கள் பிறகு, அம்மாவைக் கேட்காமல் நட்டது. மற்றச் சிலுவையெல்லாம் தலைமாட்டில், மேற்கு முனையில் நிற்க, அப்பாவுக்கும் அங்கேயே நட்டோம். அதாவது, இத்தனை வருசமும் உயிர்த்த ஞாயிறு விடியற்காலையில் நான் கொண்டுபோன பூவை எல்லாம் அப்பாவின் பாதத்துக்கு வைத்திருக்கிறேன். மெழுகுதிரியை அவருடைய கால் பெருவிரலுக்குக் கொளுத்தியிருக்கிறேன். அடுத்தநாள் காலை சேமக்காலைக்குப் போய் நின்றேன். திசை பார்க்க எனக்குப் போன் தேவைப்படவில்லை, வாழைத்தோட்டத்துக்கு மேலால் சூரியன் வந்துகொண்டிருந்தது. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. வீட்டுக்குத் திரும்பி வந்து அம்மாவைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது.

அம்மா இரவு நித்திரை கொள்ளவில்லை. காலைப் புட்டு அப்படியே கிடந்தது. "அப்ப அந்தாள் எழும்பினால் எங்கை போவார்?" என்று கேட்டா.

"அம்மா, உது அண்ணையின்ரை விசர்க்கதை. ஆண்டவருக்கு அப்பாவைத் தெரியாதோ?"

"ஆண்டவருக்குத் தெரியும். கொப்பருக்கு ஆண்டவர் பின்னாலை நிக்கிறது தெரியோணுமே. அந்தாள் திரும்பிப் பாக்கிற ஆளோ?"

இல்லை. அது எனக்கும் தெரியும். எங்கள் அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். எங்கே போனாலும் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முன்னால் விறுவிறு என்று நடப்பார். அம்மா எங்கள் இருவரையும் இழுத்துக்கொண்டு பின்னால் போவா. கோயிலுக்கு, சந்தைக்கு, கலியாண வீட்டுக்கு, செத்தவீட்டுக்கு, எல்லாத்துக்கும் அப்படித்தான். அம்மாவோடு கதைப்பதும் முன்னுக்குப் பார்த்தபடியே. "கேக்குதோ?" என்பார், "ஓம்" என்பா அம்மா, அவ்வளவுதான். அந்தக் காலத்து ஆம்பிளைகள் எல்லாரும் அப்படி நடந்தார்கள் என்று சொல்லுவார்கள். இவர் அவர்களுக்கும் முன்னால் நடந்தார்.

முதல் இடப்பெயர்விலும் அப்படித்தான் நடந்திருக்கிறது. சனத்துக்குள் சைக்கிளை உருட்டிக்கொண்டு முன்னால் போனவர், பின்னால் அம்மா வருகிறா என்ற நினைப்பில் போய்க்கொண்டே இருந்துவிட்டார். அம்மா மூட்டையோடு ஒவ்வொரு பள்ளிக்கூடமாய், ஒவ்வொரு கோயிலாய்த் தேடியிருக்கிறா. கடைசியில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில், யாருடையதோ பிள்ளைகளை வரிசையில் இருத்தி வாய்ப்பாடு கேட்டுக்கொண்டு இருந்தாராம். "எங்கை போட்டாய் இவ்வளவு நேரமும்?" என்று அம்மாவைப் பார்த்துக் கேட்டாராம். இதை அம்மா எப்போதும் சிரித்தபடி சொல்லுவா. இப்போது சிரிக்கவில்லை.

"எக்காளம் பின்னாலை தொனிக்கும்," என்றா. "அந்தாள் பள்ளிக்கூட மணி அடிச்சிட்டுது எண்டு இன்னும் கெதியா நடப்பார். நான் கிழக்கை பாத்து எழும்பி நிப்பன். அந்தாள் மேற்கை போயிடுவார். திரும்பவும் நான் தேடித் திரியிறதோ? அங்கை எந்தப் பள்ளிக்கூடத்திலை போய்த் தேடுறது?"

அம்மாவுக்கு இருதயம் பலவீனம். இன்னொரு மாரி தாண்டினால் அதிகம் என்று டொக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். சாகப் பயப்படுகிற ஆள் இல்லை அம்மா. செத்த பிறகு அப்பாவைத் தவறவிட்டுவிடுவேன் என்றுதான் பயந்தா. நான் அண்ணையின் மீது கொண்ட கோபத்தை எந்தச் சொல்லில் எழுதினாலும் அச்சில் ஏறாது.

அண்ணை அசரவில்லை. அப்பாவைத் தோண்டி எடுத்துத் திருப்பி வைக்கவேண்டும் என்று சபைக்குச் செய்தி அனுப்பிவிட்டார். "செம்மண்ணுக்குள்ளை இத்தனை வருசம். பெட்டியும் உக்கியிருக்கும், எலும்பும் உக்கியிருக்கும். எதை எடுத்துத் திருப்பப்போறியள்?" என்று கேட்டேன். "இருக்கிறதைத் தலைமாடு கால்மாடு மாத்தி வைச்சாக் காணும்," என்றார். "அப்பா என்ன அலுமாரியோ?" என்று போனை வைத்துவிட்டேன்.

எங்கள் போதகர் இளந்தாரி, நல்ல பிள்ளை. மண்ணில் இருந்து மனுசரை உண்டாக்கினவருக்கு ஒரு ஆளைத் திருப்பி நிறுத்துவது பெரிய காரியமா என்று மெல்லக் கேட்டுப் பார்த்தார். அது சபையில் ஒருவருடைய காதிலும் ஏறவில்லை. எல்லாரும் தங்கள் தங்கள் செத்த ஆட்களைப் பற்றி யோசித்துக்கொண்டு இருந்தார்கள்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து சனம் வீட்டுக்குப் போகவில்லை. நேரே சேமக்காலைக்குள் இறங்கிவிட்டது. ஆளுக்கு ஒரு போன், போனுக்கு ஒரு திசைகாட்டி. பட்டுச்சேலையும் பாட்டுப்புத்தகமுமாக ஒவ்வொரு கல்லறையாய் நின்று, கையை நீட்டி, அரைவட்டம் சுற்றி, பிறகு பக்கத்தில் நிற்கிறவரின் போனை எட்டிப் பார்த்தார்கள். ஒரு போன் காட்டிய கிழக்கை இன்னொரு போன் காட்டவில்லை. இரும்புக் கேற்றுக்குக் கிட்ட நின்றவர்களின் முள் சும்மா கிடந்து ஆடியது. தன்னுடைய மாமனார் வடகிழக்கே, நேராக அச்சுவேலிச் சந்தையைப் பார்த்தபடி கிடக்கிறார் என்று ஒரு மனுசி அழுதா. சந்தையில் வெங்காயம் விற்ற மனுசன், பிழையான இடத்தைப் பார்க்கவில்லை என்று நான் நினைத்தேன், சொல்லவில்லை.

வேலி வழக்கில் ஆயுள் முழுக்க நீதிமன்றம் ஏறி இறங்கிய அண்ணன் தம்பி இருவர் அங்கே பக்கத்துப் பக்கத்தில் கிடக்கிறார்கள். தம்பியின் கல்லறை கொஞ்சம் சரிந்து அண்ணனின் எல்லைக்குள் வருகிறதாம். இரண்டு வீட்டுப் பேரப்பிள்ளைகளும் அதே இடத்தில் நாடா பிடித்து அளக்கத் தொடங்கிவிட்டார்கள். கோதாரி, எக்காளம் தொனித்தாலும் எங்களுடைய ஆட்கள் முதலில் வேலியைத்தான் பார்ப்பார்கள்.

பக்கத்துவீட்டு அக்கா மதிலுக்கு மேலால் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றா. "எங்களுக்கு உந்தக் கரைச்சல் இல்லை ரீச்சர்," என்றா. "எரிச்சுப்போட்டுக் கீரிமலையிலை கரைச்சுவிடுவம். எந்தப் பக்கம் பாத்தாலும் கடல்தான்." பிறகு கொஞ்சம் யோசித்து, குழியைக் கிண்டுகிறது என்றால் பஞ்சாங்கத்தில் ஒரு நல்லநாள் பார்த்துத் தரவா என்றும் கேட்டா. அவவுக்குப் பகிடி இல்லை, உண்மையான அக்கறை.

அண்ணை வந்து இறங்கினார். ஆண்டவர் எந்த நேரமும் வரலாம் என்கிறவர் போகவர ரிக்கற் எடுத்துத்தான் வந்தார். அனுமதி எடுக்க நாங்கள் ஏறி இறங்கிய படிகளைச் சொல்லி முடியாது. ஒரு அரசாங்கக் கந்தோரில் உத்தியோகம் பார்த்த தம்பி ஒருவர் வடிவாக விசாரித்தார். "எந்த இடத்துக்கு மாத்தப் போறியள்?" என்று கேட்டார். "இடம் மாத்தேல்லை. அதே குழிக்குள்ளை மற்றப்பக்கம் திருப்பிறம்," என்றார் அண்ணை. தம்பி பேனையை மேசையில் வைத்தார். ஏன் என்று கேட்டார். அண்ணை ஏழு தலை மிருகத்தில் இருந்து தொடங்கினார். அந்தப் பிள்ளை மத்தியானச் சாப்பாட்டுக்குப் போகாமல் முழுவதையும் கேட்டது. அனுமதியைத் தந்துவிடுவது சுகம் என்று அதற்குப் பட்டிருக்கவேண்டும்.

கிண்டுகிற நாள் விடிந்ததும் அம்மா சேலை மாற்றிக்கொண்டு முன்வாசலில் நின்றா. தானும் வாறனாம். அண்ணை வேண்டாம் என்றார், நான் வேண்டாம் என்றேன். "நான் இல்லாமல் எந்தப் பக்கம் தலை எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?" என்று கேட்டா. ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனோம். சேமக்காலையில் இரண்டு பேர் மண்வெட்டியும் அலவாங்குமாக நின்றார்கள். போதகர், சபைச் செயலாளர், மதிலுக்கு அங்கால் பக்கத்துவீட்டு அக்கா. அம்மாவுக்கு ஒரு பிளாஸ்ரிக் கதிரை போட்டு இருத்தினேன்.

அண்ணை அப்பாவின் சிலுவைக்குப் பக்கத்தில் போய் நின்றார். அவர் ஊருக்கு வந்துபோனவர்தான், ஆனால் ஒவ்வொரு முறையும் ஏதோ அவசரம், சேமக்காலைக்கு மட்டும் வந்ததில்லை. போனை எடுத்துத் திசை பார்த்தார். பிறகு குனிந்து, சிலுவையில் இருந்த பெயரை விரலால் தடவினார். அப்போதுதான் எனக்கு விளங்கியது, இவர் செத்தவீட்டுக்கு வராத பிள்ளை. அப்பாவைத் தூக்காத தோள். ஆண்டவர் நாளைக்கு வந்துவிட்டால் அப்பாவை நேரில் கண்டு ஒரு வார்த்தை சொல்லலாம் என்றுதான் வருசக்கணக்கில் இந்த மனுசன் உலகத்தை அவசரப்படுத்திக்கொண்டு இருக்கிறார். எனக்குக் கோபம் போகவில்லை. கொஞ்சம் இளகியது.

மண்வெட்டிக்காரர் குனிந்தார். "பொறு தம்பி," என்றா அம்மா.

பிறகு செயலாளரைக் கூப்பிட்டா. "எனக்கு எங்கை இடம் வைச்சிருக்கிறியள்?"

"ஐயாவுக்குப் பக்கத்திலை, அம்மா. தெற்குப் பக்கம்."

"அது வேண்டாம்." பொல்லால் சிலுவைக்கு மேற்கே, அப்பாவின் கால்மாட்டுக்கு அப்பால் கிடந்த வெறும் நிலத்தைக் காட்டினா. "எனக்கு உது வேணும். தலை மேற்கை, கால் கிழக்கை, உங்கடை முறைப்படி வையுங்கோ. அவரைக் கிண்ட வேண்டாம். அவர் கிடக்கிறபடி கிடக்கட்டும்."

"அம்மா, அப்ப அப்பா மேற்கை பாத்தபடியெல்லோ எழும்புவார்," என்றார் அண்ணை.

"ஓம். மேற்கை ஆர் நிப்பினம்? நான் நிப்பன். அவரின்ரை காலும் என்ரை காலும் முட்டினபடி. எழும்பினவுடனை முதல்லை என்ரை முகத்தைத்தான் காணுவார்."

அம்மா மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தா.

"கலியாணம் முடிச்ச நாள் தொடக்கம் நான் அந்தாளின்ரை முதுகைத்தான் பாத்துக்கொண்டு போனனான். பிடரியிலை ஒரு மச்சம் இருந்தது, அது அவருக்கே தெரியாது, எனக்குத் தெரியும். ஒரு நாளாவது எனக்கு நேரை பாத்தபடி எழும்பட்டும். எனக்கு அவரும் தெரிவார், அவருக்குப் பின்னாலை ஆண்டவரும் தெரிவார். ஆண்டவர் கொஞ்சம் பொறுப்பார். பிறகு நான் சொல்லுவன், 'இஞ்சாருங்கோ, பின்னாலை ஆர் வந்து நிக்கினம் எண்டு ஒருக்காத் திரும்பிப் பாருங்கோ' எண்டு."

அண்ணை அழுதார். சிலுவைக்குப் பக்கத்தில் அப்படியே குந்தி, முகத்தை முழங்காலுக்குள் வைத்துக்கொண்டு, சின்னப்பிள்ளை மாதிரி அழுதார். நானும் அழுதேன் என்று எழுதுவதில் எனக்கு வெட்கம் இல்லை. மண்வெட்டிக்காரர் இரண்டு பேரும் அலவாங்கைச் சத்தம் வராமல் நிலத்தில் வைத்தார்கள்.

அம்மா காட்டிய நிலம் சேமக்காலையின் நடைபாதை. எங்கள் சபைக் கமிற்றி கேற்றுக்கு என்ன நிறம் பூசுவது என்று இரண்டு மாரி காலமாகக் கூடிக் கூடிக் கலைந்த கமிற்றி. அது பின்னேரமே கூடி, நடைபாதையைக் கொஞ்சம் வளைத்துவிடலாம் என்று ஏகமனதாகத் தீர்மானித்தது. எங்கள் அப்பாவைக் கிண்டினால் பிறகு ஊரையே கிண்டவேண்டி வரும் என்று செயலாளருக்கு விளங்கியிருந்தது. சிலுவையை மட்டும் பிடுங்கி, வாழைப்பக்கம், அப்பாவின் உண்மையான தலைமாட்டில் நட்டோம். வேலி வழக்குக் குடும்பங்கள் இரண்டும் இன்னும் அளந்துகொண்டுதான் இருக்கின்றன.

அம்மா அன்றிரவே புட்டும் மீன்குழம்பும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டா. நித்திரையும் கொண்டா. அண்ணை திரும்பிப் போனார். ஞாயிற்றுக் கூட்டங்களில் மிருகம் இன்னும் வருகிறது, அம்புக்குறிகள் குறைந்துவிட்டன. மாரி தொடங்கி, சேமக்காலை மதிலடியில் தண்ணீர் நிற்கத் தொடங்கிய காலத்தில் ஒரு விடியற்காலை அம்மா நித்திரையிலேயே போய்விட்டா. அண்ணை இந்தமுறை செத்தவீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

பெரிய கேற்றால், றோட்டுப் பக்கத்தால், கால் முன்னாகத்தான் பெட்டியைக் கொண்டுவந்தோம். யாரும் எதையும் திருப்பத் தேவைப்படவில்லை. முன்பக்கத்தில் தோள் கொடுத்த அண்ணை, பெட்டியை இறக்கியதும் பழக்கத்தில் போனை எடுத்தார், திசை பார்க்காமலே திரும்பப் பொக்கற்றில் வைத்தார். அம்மாவின் கால் அப்பாவின் காலைப் பார்த்தபடி இருந்தது. மழை தூறிக்கொண்டிருந்ததால் போதகர் ஜெபத்தைச் சுருக்கினார்.

எல்லாரும் போனபின் பக்கத்துவீட்டு அக்கா குடையோடு சின்னக் கேற்றால் வந்து என் பக்கத்தில் நின்றா. அவவுக்கு ஒரு சந்தேகம் இருந்தது.

"ஏன் ரீச்சர், அம்மா சொன்னால் ஐயா திரும்பிப் பாப்பாரோ? உயிரோடை இருக்கேக்கை ஒரு நாளும் திரும்பிப் பாக்கேல்லையே அந்த மனுசன்."

"அப்ப அம்மா பின்னாலை நிண்டவ," என்றேன்.